கைமாறிய வெள்ளிப் பை: ஐஸ்லாந்தின் பழைய கதைகளில் பழிக்குப் பழி

நியால் என்ற பெரியவர் ஆண்டுக் கூட்டத்துக்குக் கிளம்புகிறார். மற்ற சாமான்களோடு ஒரு வெள்ளிப் பையையும் எடுத்து வைக்கிறார். மூத்த மகன் ஸ்கார்ப்ஹெடின் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன பணம் என்று கேட்கிறான். போன கோடையில் நம் வேலைக்காரனுக்காகக் குன்னார் கொடுத்த பணம் என்கிறார் அப்பா. எதற்காவது உதவும் என்று சொல்லி மகன் பல்லைக் காட்டுகிறான்.

உதவத்தான் செய்கிறது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி வருகிறது: நியால் வீட்டு ஆள் ஒருவன் குன்னார் வீட்டு வேலைக்காரனை வெட்டிவிட்டான். நியால் அந்தப் பையை எடுத்துக் குன்னாரிடம் நீட்டுகிறார். வாங்கிப் பார்த்த குன்னாருக்குப் புரிந்துவிடுகிறது. போன வருஷம் தன் கையிலிருந்து போன அதே வெள்ளி.

ஐஸ்லாந்தின் பழைய கதைகளில் வரும் பழிவாங்கலைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாசல் கிடையாது. வைக்கிங் என்றதும் நம் மனதில் வருவது கோடரியைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடிவரும் தாடிக்காரன். இந்தக் கதைகளில் வருகிறவர்களோ பெரும்பாலும் ஆடு மாடு வைத்துப் புல் அறுத்துப் பிழைக்கும் விவசாயிகள். சட்டம் தெரிந்தவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள். இந்த நியாலுக்குத் தாடியே முளைக்காது. கதையில் அதுவே ஒரு பெரிய வம்பாகப் போகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. சுமார் 870 முதல் 930 வரை நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் ஆட்கள் ஐஸ்லாந்தில் வந்து குடியேறினார்கள். அவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் பற்றி 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் உரைநடையில் எழுதப்பட்ட கதைகள்தான் சாகாக்கள். எழுதியவர்கள் பெயர் பெரும்பாலும் தெரியாது. அவற்றில் நீளமானது, பலருக்கும் பிடித்தது, நியாலின் சாகா. எழுதப்பட்டது 1280-ஐ ஒட்டி. அது சொல்லும் சம்பவங்கள் அதற்கு முன்னூறு ஆண்டு முந்தியவை. நியாலும் குன்னாரும் வாழ்ந்த மனிதர்கள் என்பதில் பெரிய சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பேசியதாக வருவதெல்லாம் எழுதியவரின் கைவண்ணம்.

அரசன் இல்லாத தேசம்

அந்தக் காலத்து ஐஸ்லாந்தில் ராஜா கிடையாது. படை கிடையாது, போலீஸ் கிடையாது, சிறையும் கிடையாது. சட்டம் மட்டும் ஏராளமாக உண்டு. 930-ல் தொடங்கிய ஆல்திங் என்ற பொதுக்கூட்டம் ஒவ்வொரு கோடையிலும் திங்வெல்லிர் என்ற வெட்டவெளியில் இரண்டு வாரம் கூடும். ‘சட்டம் சொல்பவர்’ என்று ஒருவர் இருப்பார். அவர் சட்டப் பாறையில் நின்று, வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காக, முழுச் சட்டத்தையும் மூன்று வருஷத்தில் மனப்பாடமாகச் சொல்லி முடிப்பார். வழக்குப் போட முறை உண்டு, சாட்சி அழைக்க முறை உண்டு. அதில் ஒரு வார்த்தை பிசகினாலும் வழக்கு விழுந்துவிடும்.

சிக்கல் தீர்ப்புக்குப் பிறகுதான். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், எதிராளிக்கு ஊர்விலக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. ஊர்விலக்கில் இரண்டு வகை: ஒன்று மூன்று வருஷம் நாட்டைவிட்டுப் போவது, இன்னொன்று ஆயுளுக்கும். இரண்டாவதற்கு ‘காட்டுக்குப் போதல்’ என்றே பெயர். அப்படிப்பட்டவனை யார் கொன்றாலும் குற்றமில்லை. சரி, யார் போய்க் கொல்வது? நீங்களேதான். உங்கள் அண்ணன் தம்பி, மச்சான், வேண்டப்பட்டவர்கள் என்று ஆள் திரட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் வழக்கில் ஜெயித்தவனும் பழிவாங்கப் புறப்பட்டவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது, சமாதானம் பேசுவது. இரு தரப்புக்கும் பொதுவான பெரியவர்கள் உட்கார்ந்து, செத்தவனுக்கு இவ்வளவு வெள்ளி என்று நஷ்டஈடு போடுவார்கள். ஒளிவுமறைவில்லாமல் செய்து, செய்ததை உடனே பக்கத்து வீட்டில் அறிவித்துவிட்ட கொலைக்கு இப்படி ஒரு தீர்வு உண்டு. மறைத்துச் செய்தால்தான் அது கேவலம். அதற்கு வேறு சொல்லே இருந்தது. வெள்ளியை ‘ஐரிர்’ என்ற அளவில் நிறுப்பார்கள். ஓர் ஐரிர் ஏறக்குறைய 27 கிராம். அவர்களுடைய ‘நூறு’ பல சமயம் நம்முடைய 120.

இப்போது மறுபடி அந்தப் பைக்கு வருவோம். குன்னாரும் நியாலும் உயிர் நண்பர்கள். சண்டை அவர்கள் மனைவிமார்களுக்குள். நியால் வீட்டு விருந்தில் நியாலின் மனைவி பெர்க்தோரா, குன்னாரின் மனைவி ஹல்கெர்டை எழுந்து வேறொருத்திக்கு இடம் விடச் சொல்கிறாள். மூலையில் தள்ளிவைக்க நான் என்ன கிழவியா என்கிறாள் ஹல்கெர்ட். வார்த்தை தடிக்கிறது. உன் விரல் நகமெல்லாம் கோணல், உன் புருஷனுக்குத் தாடியே இல்லை என்கிறாள் அவள். உன் முதல் புருஷனுக்குத் தாடி இருந்தது, அவனையே கொல்லவைத்தாயே என்கிறாள் பெர்க்தோரா. நடந்தது இவ்வளவுதான்.

அடுத்து ஹல்கெர்ட் அனுப்பிய ஆள் நியால் வீட்டு வேலைக்காரனைக் கொல்கிறான். விலை 12 ஐரிர். பெர்க்தோரா அனுப்பிய ஆள் திருப்பிக் கொல்கிறான். அதே 12 ஐரிர், அதே பை. அடுத்த தடவை ஹல்கெர்ட் பக்கம் கொன்றது கொஞ்சம் மதிப்பான ஆளை, விலை நூறு. பதிலுக்கு இன்னொருவன், மறுபடி நூறு. அதற்குப் பிறகு கொல்லப்படுகிறவன் நியாலின் மகன்களைத் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு இருநூறு. கடைசியில் நியாலின் மகன்களே கையில் ஆயுதம் எடுத்து, கொன்றவர்களில் ஒருவனை, குன்னாரின் சொந்தக்காரனை, வெட்டுகிறார்கள். இருநூறு. ஒவ்வொரு முறையும் குன்னாரும் நியாலும் கைகுலுக்கிக்கொண்டு, நம் நட்பு கெடக்கூடாது என்று சொல்லிக்கொள்கிறார்கள். கெடவும் இல்லை, கடைசிவரை. ஆனால் அடிமட்ட வேலைக்காரனில் தொடங்கிய சாவு, படிப்படியாக ஏறி வீட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது.

வெள்ளிக் கணக்கு ஒவ்வொரு முறையும் நேராகிவிடுகிறது, பைசா பாக்கியில்லை. அப்புறம் ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

வெள்ளியில் அடைக்க முடியாத பாக்கி

உயிருக்கு விலை போடலாம். மானத்துக்குப் போடுவது கஷ்டம். இந்தச் சமூகத்தில் ஒருவனுக்குப் பாதுகாப்பு அவன் பெயர்தான். இவனைத் தொட்டால் சும்மா விடமாட்டான் என்று பத்து மைல் சுற்றளவில் நான்கு பேர் நினைத்தால்தான் அவன் மாடும் புல்வெளியும் அவனிடம் நிற்கும். பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவனை, அப்பனைப் பணப்பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிறான் என்று பேசுவார்கள். அதற்காக அவசரப்படுவதும் பெருமையில்லை. கிரெட்டிர் என்பவனின் சாகாவில் ஒரு சொலவடை வருகிறது: அடிமை உடனே பழிவாங்குவான், கோழை எப்போதுமே வாங்கமாட்டான். நடுவில் எங்கோ, ஆறப்போட்டு, சரியான ஆளைச் சரியான நேரத்தில் அடிப்பதுதான் மரியாதை.

சரியான ஆள் என்றால் கொலை செய்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் குடும்பத்தில் மதிப்பான ஆள் யாரோ அவனைக் கொன்றால்தான் கணக்கு நேராகும் என்று நினைப்பார்கள். சங்கிலி ஏன் எப்போதும் மேல்நோக்கியே ஏறுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். என் தரப்பில் போனவன் எனக்குத் தங்கம். உன் தரப்பில் போனவன் எனக்குச் சும்மா ஓர் ஆள். இரண்டு பேரிடமும் தராசு இருக்கிறது, ஆனால் எடைக்கல் வேறு வேறு.

குன்னாரே ஓரிடத்தில் தன்னைப் பற்றிச் சந்தேகப்படுகிறான். ஆட்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வந்தவன், மற்றவர்களைவிட எனக்குக் கொல்வது கஷ்டமாக இருக்கிறதே, நான் வீரம் குறைந்தவனோ என்கிறான். இந்த வரிக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

சொந்தபந்தம் என்பதும் ஒரு பொறி. மோர்க் என்ற ஊரில் கெட்டில் என்று ஒருவன். நியாலின் மகளைக் கட்டியவன். அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் திராயினை நியாலின் மகன் ஸ்கார்ப்ஹெடின் கொன்றுவிடுகிறான். கெட்டில் மச்சான் பக்கம் போவதா, அண்ணன் பக்கம் போவதா? எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குள் ஒரு பகை. இப்படி இரு பக்கமும் உறவுள்ளவர்கள்தான் நல்ல சமாதானத் தூதர்களாகவும் இருந்திருக்கிறார்கள். சமாதானம் உடைந்தால் முதலில் நசுங்குகிறவர்களும் அவர்களே.

அந்தச் சாவுக்கு நியால் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. செத்தவனின் சிறுவயது மகன் ஹோஸ்குல்டைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்க்கக் கேட்கிறார். பையனிடம், உன் அப்பா எப்படிச் செத்தார் தெரியுமா என்று கேட்கிறார். ஸ்கார்ப்ஹெடின் கொன்றான் என்று தெரியும், முழு ஈடு கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள், அதைக் கிளற வேண்டியதில்லை என்கிறான் பையன். நான் கேட்ட கேள்வியைவிட உன் பதில் நன்றாக இருக்கிறது என்கிறார் நியால். அவனை வளர்த்து, கல்யாணம் செய்துவைத்து, அவனுக்குத் தலைவர் பதவி கிடைப்பதற்காக ஒரு புது நீதிமன்றம் அமைக்கும் யோசனையையும் சொல்லிக் காரியத்தை முடிக்கிறார். இருக்கும் நல்லவர்களில் நல்லவன் இந்த ஹோஸ்குல்ட்.

அவனைத்தான் நியாலின் மகன்கள் கொல்கிறார்கள். மோர்ட் என்ற ஒருவன் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கோள் சொல்லி மூட்டிவிடுகிறான். ஒரு நல்ல காலைப்பொழுதில், ஒரு கையில் விதைப்பையும் மறு கையில் வாளுமாக வயலில் விதைத்துக்கொண்டிருக்கிறான் ஹோஸ்குல்ட். ஸ்கார்ப்ஹெடின் வேலிக்குப் பின்னாலிருந்து பாய்கிறான். கூட வந்த எல்லோரும், நியாலின் மருமகன் காரியும் சேர்த்து, ஆளுக்கு ஒரு வெட்டு. கடவுள் எனக்குத் துணை இருக்கட்டும், உங்களை மன்னிக்கட்டும் என்று சொல்லி விழுகிறான்.

ரத்தம் உறைந்த மேலங்கி

ஹோஸ்குல்டின் மனைவி ஹில்டிகுன். கணவன் விழுந்த இடத்துக்குப் போய், அவனுடைய மேலங்கியால் ரத்தத்தைத் துடைத்து, உறைந்த கட்டிகளையும் அதிலேயே வைத்து மடித்துப் பெட்டியில் பூட்டிவைக்கிறாள். கொலை வழக்கைப் பெண்கள் நடத்த முடியாது, ஆயுதம் எடுக்கவும் முடியாது. அவர்கள் கையில் இருந்தது ஒன்றுதான்: ஆண்களை உசுப்பிவிடுவது. சாகாக்களில் இப்படிப்பட்ட காட்சிகள் நிறைய உண்டு, ஒரு சடங்கு மாதிரி. அவற்றில் இதுதான் உச்சம்.

அவளுடைய தகப்பனின் உடன்பிறந்தவன் ஃப்ளோசி. பெரிய தலைவன், நிதானமானவன். ஆல்திங்குக்குப் போகும் வழியில் அவள் வீட்டுக்கு வருகிறான். அவனுக்காக உயர்ந்த ஆசனம் போட்டு வைத்திருக்கிறாள். நான் என்ன ராஜாவா, கிண்டல் செய்கிறாயா என்று மெத்தையைத் தூக்கி எறிகிறான். கை துடைக்கத் துண்டு வருகிறது, கந்தல். ஒரு முனையில் கிழிசல், நடுவெல்லாம் ஓட்டை. அதை வீசிவிட்டு, மேசை விரிப்பில் ஒரு துண்டு வெட்டித் துடைத்துக்கொள்கிறான். இவன் இந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது பாக்கி நிற்கிறது என்பதை அவள் இதுவரை வாயால் சொல்லவில்லை.

அப்புறம் முன்னால் வந்து, கண்ணை மறைத்த முடியை ஒதுக்கிவிட்டு அழுகிறாள். நல்ல மனிதனுக்காக அழுவது நல்லதுதான் என்கிறான் ஃப்ளோசி. எனக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறாள். சட்டப்படி வழக்கை நடத்துவேன், இல்லையென்றால் நல்லவர்கள் மெச்சும்படி சமாதானம் பேசுவேன் என்கிறான். உன்னைக் கொன்றிருந்தால் ஹோஸ்குல்ட் ரத்தத்துக்கு ரத்தம் வாங்கியிருப்பான் என்கிறாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அந்த மேலங்கியை எடுத்து வருகிறாள். பின்னாலிருந்து அவன் தோள்மேல் வீசுகிறாள். உறைந்து காய்ந்த ரத்தம் சடசடவென்று அவன்மேல் உதிர்கிறது.

இது நீ ஹோஸ்குல்டுக்குக் கொடுத்த அங்கி, இதைப் போட்டுக்கொண்டுதான் செத்தான், இப்போது உன்னிடமே திருப்பித் தருகிறேன் என்கிறாள். அவன் உடம்பில் பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் பழிவாங்கு. கிறிஸ்துவின் பேராலும் உன் ஆண்மையின் பேராலும் ஆணையிடுகிறேன். இல்லையென்றால் நீ எல்லோர் முன்பும் மானங்கெட்டவன். கிறிஸ்துவின் பேரைக் கவனிக்க வேண்டும்: 1000-ஐ ஒட்டித்தான் ஐஸ்லாந்து கிறிஸ்தவம் ஏற்றிருந்தது.

ஃப்ளோசி அதைப் பிடுங்கி அவள்மேலேயே எறிகிறான். நீ ஒரு ராட்சசி, பெண்கள் சொல்லும் யோசனை சில்லிட்டது என்கிறான். அவன் முகம் ஒருசமயம் ரத்தமாய்ச் சிவக்கிறது, ஒருசமயம் காய்ந்த புல்லாய் வெளுக்கிறது, ஒருசமயம் பாதாளம் போல் கறுக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஃப்ளோசி சமாதானத்துக்குத்தான் போகிறான். ஆல்திங்கில் பெரியவர்கள் கூடி மூன்று மடங்கு ஈடு, அறுநூறு வெள்ளி என்று தீர்க்கிறார்கள். அவ்வளவு பெரிய தொகையை அங்கேயே திரட்ட வேண்டும் என்பதால் பாதியைத் தீர்ப்புச் சொன்னவர்களே தங்கள் பையிலிருந்து போடுகிறார்கள். குவியல் சேர்ந்துவிட்டது. நியால் அதன்மேல் ஒரு பட்டு அங்கியையும், ஒரு ஜோடிக் காலணியையும் சேர்த்து வைக்கிறார். நல்லெண்ணத்தில்தான்.

ஃப்ளோசி பணத்தைப் பார்த்துத் திருப்திப்படுகிறான். பட்டு அங்கியைத் தூக்கி, இதை யார் வைத்தது என்று கேட்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டுச் சிரிக்கிறான். யார் என்று நினைக்கிறாய் என்கிறான் ஸ்கார்ப்ஹெடின். உன் அப்பனாகத்தான் இருக்கும், அந்தத் தாடியில்லாதவன், பார்க்கிறவர்களுக்கு அது ஆணா பெண்ணா என்றே தெரிவதில்லை என்கிறான் ஃப்ளோசி. ஸ்கார்ப்ஹெடின் அங்கியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு நீலக் கால்சட்டையை எறிகிறான்: இது உனக்குத்தான் தேவை, ஒன்பது நாளைக்கு ஒருமுறை ஒரு பூதத்துக்கு நீ பெண்டாட்டி ஆகிறாயாமே. ஃப்ளோசி வெள்ளிக் குவியலைக் காலால் எட்டி உதைக்கிறான். ஒரு காசுகூட வேண்டாம்.

அங்கி ஏன் அவனைச் சுட்டது என்று வாசகர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் ஊகம், இன்னொரு அங்கி அதற்குள் அவன் தோள்மேல் விழுந்திருந்தது. கையில் பட்டு பட்டதும் உதிர்ந்த ரத்தம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கதை அப்படிச் சொல்லவில்லை. சாகாக்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்வதே அபூர்வம்.

நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு ஃப்ளோசி நியாலின் பெர்க்தோர்ஷ்வோல் பண்ணையைச் சூழ்ந்து வீட்டுக்குத் தீ வைக்கிறான். பெண்களும் குழந்தைகளும் வெளியே வரலாம் என்கிறான். சின்ன வயதில் என்னை நியாலுக்குக் கொடுத்தார்கள், இருவருக்கும் ஒரே விதி என்று வாக்குக் கொடுத்தேன் என்று பெர்க்தோரா வர மறுக்கிறாள். காரியின் சின்னப் பையன் பாட்டியோடு தங்கிவிடுகிறான். நியாலும் சேர்த்து மூவரும் படுக்கையில் படுத்து, மாட்டுத் தோலைப் போர்த்திக்கொள்கிறார்கள். காரி மட்டும் முடியும் உடுப்பும் பற்றி எரியக் கூரையிலிருந்து குதித்து, புகையோடு புகையாக ஓடித் தப்புகிறான். இது நடந்தது 1011 வாக்கில் என்பது வழக்கமான கணக்கு.

ஐஸ்லாந்தின் பழைய கவிதைகளிலும் இதே நூல்தான் ஓடுகிறது. ஹம்திர் பாடலில் குட்ரூன் தன் மகன்களை உசுப்பி அனுப்புகிறாள், அவர்களின் சகோதரியைக் கொன்ற அரசனை வெட்ட. வழியில் கூட வந்த மாற்றாந்தாய்ச் சகோதரன் எர்ப்பிடம் வாய்த்தகராறு, அவனையே கொன்றுவிடுகிறார்கள். அங்கே போய் அரசனின் கையையும் காலையும் வெட்டிவிட்டார்கள். தலையை எடுக்க வேண்டியவன் எர்ப். தலை கத்துகிறது, ஆட்கள் வருகிறார்கள், அண்ணன் தம்பி சாகிறார்கள். தேவர்கள் கதையும் மாறவில்லை. பால்டர் என்ற தேவனின் சாவுக்குப் பழிவாங்கவே பிறந்த வாலி, ஒரு ராத்திரி வயதில் கொலை செய்கிறான்.

எழுதியவர்கள் பார்த்தது

பழைய காலத்து வீரத்தைப் பாட இதையெல்லாம் எழுதினார்கள் என்று தோன்றலாம். எழுதியவர் காலத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 13-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐஸ்லாந்தில் அதிகாரம் நான்கைந்து குடும்பங்கள் கையில் குவிந்து, அவர்களுக்குள் கிட்டத்தட்ட உள்நாட்டுப் போர். 1238-ல் ஓர்லிக்ஸ்ஸ்டாதிர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் கிஸ்ஸூர் என்ற தலைவரின் தரப்பு, ஸ்டுர்லுங் குடும்பத்துத் தலைவன் ஒருவனைக் கொன்றது. 1253-ல் கிஸ்ஸூரின் மகனுக்கும் ஸ்டுர்லுங் குடும்பத்துப் பெண்ணுக்கும் கல்யாணம். பகையைத் தீர்ப்பதற்காகவே ஏற்பாடு செய்த கல்யாணம். மணமகளுக்கு 13 வயது. விருந்து முடிந்த ராத்திரி, 1238-ல் செத்த தலைவனின் மகளைக் கட்டிய எயோல்ஃப் ஆட்களோடு வந்து ஃப்ளுகுமீரி பண்ணைக்குத் தீ வைத்தான்.

25 பேர் செத்தார்கள், கிஸ்ஸூரின் மனைவியும் மூன்று மகன்களும் உட்பட. கிஸ்ஸூர் மட்டும் பால் அறைக்குள் நுழைந்து, புளித்த பால்தெளிவு நிரப்பிய தொட்டிக்குள் இறங்கிவிட்டார். குளிரில் முதலில் உடம்பு வெடவெடத்ததாம். தேடுகிறவர்கள் வந்தபோது நடுக்கம் நின்றிருந்ததாம். ஈட்டியால் தொட்டிக்குள் குத்திப் பார்த்தார்கள். கையால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே சத்தமில்லாமல் இருந்திருக்கிறார். இதை எழுதிவைத்தது ஸ்டுர்லா தோர்தார்சன், அந்த மணமகளின் தகப்பன். பெண் உயிரோடு வெளியே வந்துவிட்டாள்.

1262-க்கும் 1264-க்கும் இடையில் ஐஸ்லாந்தர்கள் நார்வே அரசனுக்குக் கட்டுப்பட்டார்கள். சுயாட்சி போனது. நியாலின் சாகா எழுதப்பட்டது அதற்குச் சில ஆண்டு கழித்து. சட்டத்தால் நாடு கட்டப்படும், சட்டமின்மையால் அழியும் என்று நியால் வாயில் ஒரு வரி வருகிறது. முதலில் கேட்டவர்களுக்கு அது பழங்கதை வசனமாக இருந்திருக்காது.

சரி, இந்தச் சங்கிலி எப்படித்தான் அறுகிறது? சட்டம் ஒரு தடவை முயன்று தோற்கிறது. வீடெரித்த வழக்கு ஆல்திங்குக்கு வருகிறது. நுணுக்கமான முறைப் பிசகு ஒன்றில் விழுகிறது. கோபத்தில் அங்கேயே கைகலப்பு, நீதிமன்றத்தின் நடுவிலேயே பிணங்கள். அதில் ஃப்ளோசியின் மாமனார், சீடா ஊர் ஹால் என்ற பெரியவரின் மகனும் ஒருவன். மறுநாள் ஹால் எழுந்து நிற்கிறார். என்னைக் கோழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் மகனுக்கு ஈடு வேண்டாம், ஆனாலும் சமாதானத்துக்குச் சம்மதம் என்கிறார். அந்த ஊரில் இப்படி ஒரு வார்த்தையைப் பொதுவில் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது இதுவரை படித்தவர்களுக்குப் புரியும். கூடியிருந்தவர்கள் தாங்களாகவே பணம் போட்டு அவருக்கு எண்ணூறு வெள்ளி சேர்த்துக் கொடுக்கிறார்கள், நான்கு உயிர்களின் விலை. கேட்டு வாங்கியதைவிடக் கேட்காதவருக்கு அதிகம் கிடைத்த ஒரே இடம் கதையில் இதுதான்.

அந்தச் சமாதானத்தில் சேராதவன் காரி. பணம் வேண்டாம், என் பையனுக்குக் கணக்குத் தீரவில்லை என்று தீ வைத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறான். ஆர்க்னி தீவுகளில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், தீ வைத்த கதையைத் திரித்துப் பெருமையடித்தவனின் தலை மேசைமேல் போய் விழுகிறது. அப்புறம் எப்போதோ காரிக்குச் சலித்துப் போயிருக்க வேண்டும். ரோமாபுரிக்குப் பாவமன்னிப்புக்குப் போகிறான். ஃப்ளோசியும் தனியாகப் போய்வந்திருக்கிறான்.

திரும்பி வரும் காரியின் கப்பல் ஃப்ளோசியின் ஊர்ப் பக்கம் பனிப்புயலில் உடைகிறது. ஆட்கள் பிழைத்துவிட்டார்கள், போக இடமில்லை. ஃப்ளோசி எவ்வளவு பெரிய மனிதன் என்று பார்த்துவிடலாம் என்று காரி நேராக அவன் வீட்டுக்கு நடக்கிறான். உள்ளே நுழைந்தவனை ஃப்ளோசி அடையாளம் கண்டு, எழுந்து போய் முத்தமிட்டு, உயர்ந்த ஆசனத்தில் தன் பக்கத்தில் உட்காரவைக்கிறான். குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கச் சொல்கிறான். பகை முடிந்துவிட்டது. காரியின் மனைவி அதற்குள் இறந்திருந்தாள். ஃப்ளோசி அவனுக்கு ஹில்டிகுன்னைக் கட்டிக்கொடுக்கிறான்.

மேலங்கியைப் பெட்டியில் பூட்டிவைத்த அதே ஹில்டிகுன். ஹோஸ்குல்டை வயலில் வெட்டியவர்களில் காரியும் ஒருவன். அவள் என்ன நினைத்தாள் என்று கதை ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. மூன்று மகன்கள் பிறந்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. அவர்களில் ஒருவனுக்குப் பெயர் ஃப்ளோசி.

பெரிய ஃப்ளோசி வயதான காலத்தில் நார்வேக்குக் கப்பல் ஏறினான். புதுக் கூடம் கட்ட மரம் வாங்கப் போனான். திரும்பும்போது கோடை தாமதமாகிவிட்டது. இந்தக் கப்பல் தாங்காது என்று சொன்னார்கள். சாகப்போகிற கிழவனுக்கு இது போதும் என்று மரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கப்பலைப் பற்றி அப்புறம் ஒரு சேதியும் வரவில்லை.